கருவகத்துக்குள் வைத்த எழுத்துரு

மலேசியாவின் புஞ்சாக் ஆலாமில் கணினி இயங்குதளக் கட்டமைப்பைப் பல்லாண்டு கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். கோல சிலாங்கூர்ப் பக்கத்துத் தோட்டமொன்றின் மாரியம்மன் திருவிழாவுக்கு அழைப்பிதழ் அமைத்துத் தருவதும் என் பொறுப்பு. எங்கள் பக்கத்தில் அழகிய தமிழ் எழுத்துருக்கள் பென்டிரைவில் ஏறிக் கோயிலுக்குக் கோயில் கைமாறும். எங்கிருந்து வந்தவை என்று எவரும் வினவுவதில்லை. நானும் வினவவில்லை.

இவ்வாண்டு நல்ல அச்சுப்பொறி இருந்த தோட்ட அலுவலகத்துக்கே சென்று, கணக்கெழுதும் கிராணியிடம் என் பென்டிரைவைக் கொடுத்தேன். அவர் இளம்பெண்; அதுவே அவருக்கு முதல் வேலை. தலைப்புக்கு ஏற்றதைத் திறந்து பார்க்கச் சொன்னேன். ஓர் எழுத்துருவைத் திறந்தார். மறுநாள் காலை அலுவலகக் கோப்புகள் யாவும் பூட்டுண்டு கிடந்தன.

நான் விரைந்து சென்றபோது மேலாளர் அவருக்குப் பணிநீக்கக் கடிதத்தைக் கையால் எழுதிக்கொண்டிருந்தார். நான் கொடுத்த எழுத்துருதான் காரணமாயிருக்கும் என்றேன்.

“எழுத்து தானே ஐயா, அது எப்படி ஆபீசையே பூட்டும்? இந்தப் பிள்ளை வேற என்னமோ நோண்டியிருக்கு லா.”

“நான் ஒண்ணும் நோண்டல சார். எனக்கு அதுல கடிகாரம் மாத்தக்கூட பெர்மிஷன் இல்ல. மூணு மாசமா அஞ்சு நிமிசம் லேட்டாதான் ஓடுது, நீங்கதான் மாத்தித் தரல.”

அதுவே எனக்கு வேண்டிய சான்று. கோப்புகள்தாம் பூட்டுண்டிருந்தன, கணினி இயங்கியது. கிராணியின் கணக்கில் கடிகாரத்தை மாற்றிப் பார்க்குமாறு மேலாளரிடம் சொன்னேன். கணினி மறுத்தது. கடிகாரத்தைத் தொட இயலாதவர் அலுவலகத்தை எப்படிப் பூட்டியிருப்பார்?

எழுத்துரு வெறும் படமன்று. எழுத்தை எவ்வாறு வரைவது என்னும் கட்டளைகள் அடங்கிய கோப்பு. அதைப் படிக்கும் பகுதி ஒரு மூலையில், குறைந்த உரிமையோடு இயங்கினாற் போதும். அப்பழைய இயங்குதளத்தைக் கட்டியோரோ, விரைவு கருதி அதைக் கருவகத்துக்குள், அதாவது எதையும் செய்யும் அதிகாரம் பெற்ற உட்பகுதிக்குள், வைத்துவிட்டனர். தீய நோக்கோடு திரிக்கப்பட்ட எழுத்துரு அங்கே நுழைந்தால் அவ்வதிகாரம் முழுதும் அதன் வசமாகும். திறந்தவரின் உரிமை எவ்வளவு என்று கேட்க அங்கே எவருமில்லை. பிற்காலப் பதிப்புகளில் அப்பகுதியை வெளியே எடுத்துவிட்டனர். இவ்வலுவலகம் பழையதையே ஓட்டிக்கொண்டிருந்தது.

“அப்ப யாரு மேலதான் தப்பு?” என்றார் மேலாளர்.

“கட்டினவங்க மேல. அடுத்தது, எழுத்துருவைக் கொண்டுவந்த என் மேல. பழைய பதிப்பை மாற்றாத உங்க மேலயும் கொஞ்சம்.”

“என்னையும் சேர்த்துட்டீங்களா ஐயா?”

ஆயினும் பேனாவை என் பக்கம் நகர்த்தினார். தலைமையகத்துக்கு விளக்கத்தை நானே எழுதினேன். கிராணி எட்டிப் படித்தார்.

“‘தெரியாமல் திறந்தார்’னு போட்டிருக்கீங்க. நீங்க சொல்லித்தானே திறந்தேன்? அப்படியே எழுதுங்க.”

அடித்துத் திருத்தினேன்.

மறுவாரம் பதில் வந்தது. அவர் வேலை நிலைத்தது. அவ்வலுவலகத்துள் நான் நுழையக் கூடாதென்று ஆணை. இரண்டும் சரியான முடிவுகளே.