பஞ்சு வைத்த வாய்

தகரக் குடிசைகளுக்கு நடுவே மிஷன் நடத்திய இலவசப் பல் மருத்துவ அறையில் இருபது வருஷமாகப் பல் பிடுங்கியவர் அவர். எல்லோருக்கும் அவர் ‘குறடு அக்கா’. காலையில் ஜெபம் செய்வார்தான், ஆனால் பல் பிடுங்கும் குறட்டைக் கொதிக்க வைத்த பிறகுதான் செய்வார்.

போதகருக்கு அந்த அறைமேல் தனிப் பிரியம். வாயில் பஞ்சோடு உட்கார்ந்திருப்பவனிடம் பிரசங்கம் பண்ணினால் ஒருத்தனும் எதிர்த்துப் பேசமாட்டான் பாருங்கள். “ஆண்டவரை ஏத்துக்கறியாப்பா?” என்பார். வலியில் அவன் தலை ஆடும். மேலிடத்துக்குப் போகும் அறிக்கையில் ஓர் ஆத்துமா கூடிவிடும். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப் பார்த்தார்.

ஒருநாள் போதகருக்கே கடைவாய்ப்பல் சொத்தை. கன்னம் பன்னு மாதிரி வீங்கிப்போய் வந்து உட்கார்ந்தார். அக்கா பல்லைப் பிடுங்கி, பஞ்சை அமுக்கி வைத்துவிட்டுக் கேட்டார்.

“ஐயா, இனிமே இந்த ரூமுக்குள்ள பிரசங்கம் வேண்டாம். வெளிய வரிசையில நிக்கறவங்களுக்குத் தண்ணி ஊத்திக் குடுங்க. சம்மதமா?”

போதகரின் தலை மேலும் கீழும் ஆடியது.

பஞ்சு வெளியே வந்ததும் அவர் சீறினார். “நான் வலியிலதாம்மா தலையாட்டினேன்.”

தண்ணிக் குடத்தை அவர் கையில் திணித்தபடியே அக்கா சொன்னார். “எல்லாரும் அப்படித்தான் ஐயா ஆட்டினாங்க.”