மூக்கு வேற, காது வேற
கல்யாணம் நெருங்க நெருங்க என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. வலது காதின் மேல்விளிம்பில் ஓயாத அரிப்பு. சொறிந்தால் வலிக்கும், சொறியாவிட்டால் பைத்தியம் பிடிக்கும்.

காலேஜ் படிக்கும்போது பாண்டி பஜாரில் ஆசையாய்க் குத்திக்கொண்ட இரண்டாவது துளை அது. புண் ஆறியது, தழும்பு மட்டும் நிற்காமல் கொண்டைக்கடலை அளவுக்கு உருண்டது. ஒரு டாக்டர் வெட்டி எடுத்தார். சனியன், நெல்லிக்காயாய்த் திரும்பி வந்தது. அப்புறம் அடையாறில் ஒரு தோல் டாக்டர்தான் விளக்கினார்.

"இது கீலாய்டு. மத்தவங்களுக்குப் புண் மூடினதும் தோல் வேலையை நிறுத்திடும். உங்க தோலுக்கு நிறுத்தத் தெரியல, தழும்பைக் கட்டிக்கிட்டே போகுது. வெறுமனே வெட்டினா மறுபடி வரும்."

மாசாமாசம் கட்டிக்குள்ளேயே ஊசி போட்டார். உயிர் போகும். ஆனாலும் கட்டி அமுங்கிக்கொண்டு வந்தது. உடம்பில் புதிதாக எங்கேயும் துளை போடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

இந்த லட்சணத்தில் மாப்பிள்ளையாத்தில் வைர மூக்குத்தி செய்துவிட்டார்கள். மறுநாள் காலையில் நகை செய்யும் பத்தர் வந்து மூக்கு குத்துவதாக ஏற்பாடு.

"மூக்கு வேற, காது வேறடி. மஞ்சள் வெச்சா ஆறிடும்" என்றாள் அம்மா. "காது சமாசாரம் அவாளுக்குத் தெரிஞ்சா கல்யாணம் நின்னுடும். வாயை மூடிண்டு இரு."

காதை முடியால் மறைக்கலாம். மூக்கில் நெல்லிக்காய் முளைத்தால் எதைப் போட்டு மறைப்பது? எனக்கு வந்த கோபத்தில் அன்று சாயங்காலமே லஸ்ஸில் பஸ் ஏறித் தி.நகர் போனேன். சீட் காலியானபோதுகூட உட்காரவில்லை.

மாமியாராகப் போகிற மாமி கூடத்தில் வாழைத்தண்டு நறுக்கிக்கொண்டிருந்தார். கல்யாணப் பெண் தனியாக வந்து நிற்பதைப் பார்த்துத் திகைத்துப்போனார். நான் முடியை ஒதுக்கிக் காதைக் காட்டி, எல்லாவற்றையும் படபடவென்று கொட்டினேன்.

மாமி கிட்டே வந்து பார்த்தார். "பொறக்கற குழந்தைக்கும் இது வருமோ?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது.

"சில குடும்பத்துல வழிவழியா வருமாம், மாமி. வரலாம்."

மாமி திரும்பிப் போய் அரிவாள்மணையில் உட்கார்ந்து தண்டை நறுக்க ஆரம்பித்தார். கல்யாணம் போச்சு என்றே நினைத்தேன்.

"பத்தரை வர வேண்டாம்னு அம்மாகிட்ட சொல்லிடு" என்றார், தண்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "பொறக்கறதுக்கும் காது குத்த வேண்டாம்."