செம்புப் பந்துக்குள் தண்ணீர்

அறுபதுகளில் தாராவி ஓரத்து ஐஸ் ஃபேக்டரி ஒன்றில் நான் ஃபிட்டர். கூரையடியில் ஒரு பெரிய தொட்டி. ஐஸ் அச்சுகளுக்கு அதிலிருந்துதான் தண்ணீர். தொட்டிக்குள் ஒரு செம்புப் பந்து மிதக்கும். தண்ணீர் நிறைந்தால் பந்து மேலேறி, அதோடு சேர்ந்த கம்பி ஸ்விட்சைத் தட்டி மோட்டாரை நிறுத்தும்.

ஒரு மே மாதக் காலையில் நான் போனபோது தரையெல்லாம் வெள்ளம். மோட்டார் நிற்காமல் ஓடி, தொட்டி வழிந்து, அச்சுகளைக் குளிரவைக்கும் உப்புத் தண்ணீரில் கலந்துவிட்டது. ஒரு பாளமும் சரியாக உறையவில்லை.

தொட்டியைப் பார்த்துக்கொள்பவர் நாங்குநேரிப் பக்கத்துக்காரர். நாற்பது வயதிருக்கும். எங்கள் சந்துக்கு அடுத்த சந்து. நான் அண்ணாச்சி என்பேன்.

மாட்டுங்காவிலிருந்து வரும் மானேஜரும் தமிழர்தான். "தூங்கினியாடா?" என்று அண்ணாச்சியைக் கேட்டார்.

"இல்ல சார். மோட்டார் நிக்கவே இல்ல. நாந்தான் மெயினை அணைச்சேன்."

மானேஜர் முந்தின நாள் பாளத்திலிருந்து ஒரு பெரிய துண்டை உடைக்கச் சொன்னார். "ரெண்டு கையாலயும் பிடி. கோளாறு என்னன்னு ஃபிட்டர் சொல்ற வரைக்கும் கீழ வைக்கக் கூடாது. அப்பத் தூக்கம் வருதான்னு பாப்போம்."

லோடு ஏற்றுகிறவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஏணியில் ஏறி ஸ்விட்சைத் திறந்தேன். விரலால் தட்டினால் ஒழுங்காக வேலை செய்தது. கம்பியும் தடையில்லாமல் ஏறி இறங்கியது. பந்துதான் மிதக்காமல் முங்கிக் கிடந்தது. கழற்றிக் காதருகே குலுக்கினேன். களுக்கென்றது. போன வாரம் நான் ஈயம் பற்றவைத்த இடத்தில் ஊசிமுனை ஓட்டை. பற்றவைத்ததும் வெந்நீரில் அமுக்கி, குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். மேட்னி சினிமாவுக்கு நேரமாகிறதென்று பார்க்காமல் போயிருந்தேன்.

ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. மேலிருந்தே சொல்லியிருக்கலாம்.

"என்னடா ஆச்சு?" மானேஜர் கேட்டார்.

"ஸ்விட்ச்ல ஒயர் விட்டிருக்கு சார். ஈயம் வைக்கணும்."

பந்தைத் துணிப்பைக்குள் மறைத்து இறங்கினேன். அண்ணாச்சியின் முழங்கையிலிருந்து தண்ணீர் சொட்டியது. சிவந்திருந்த விரல்கள் வெளுத்துவிட்டன. "வெரசா பாருலே" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி.

"பாக்கேன் அண்ணாச்சி."

பட்டறை மூலையில் பந்திலிருந்து தண்ணீரை வடித்து, சூடாக்கி, மறுபடி பற்றவைத்தேன். இந்த முறை வெந்நீர் கொண்டுவந்து அமுக்கியும் பார்த்தேன். ஒரு குமிழி வரவில்லை. அவசரப்படாமல் மாட்டி, தொட்டியிலிருந்து கொஞ்சம் தண்ணீரை இறக்கிவிட்டு மெயினைப் போட்டேன். மோட்டார் ஓடி, தொட்டி நிறைந்ததும் நின்றது.

"சரியாயிட்டு சார். ஒயர்தான்."

"அப்ப இவன் தூங்கலையா?"

"இல்ல சார்."

"சரி, கீழ போடு" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

அன்று சட்டை மாற்றும்போது அண்ணாச்சியால் பொத்தான் போட முடியவில்லை. நான் போட்டுவிட்டேன். "நீ மட்டும் கண்டுபிடிக்கலன்னா என் கை போயிருக்கும்லே" என்றார். ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டார். போனேன். கொப்புளம் கட்டிய விரல்களைத் துணியால் சுற்றியிருந்தார். அவர் மனைவி சோற்றைப் பிசைந்து அவருக்கு ஊட்டினாள். என் தட்டில் இன்னொரு மீன் துண்டு வைத்தாள்.

கொப்புளம் ஆறியது. இரண்டு விரல் நுனிகளில் மட்டும் உணர்ச்சி திரும்பவே இல்லை. இரண்டு வருஷம் கழித்து வேறு வேலை கிடைத்து செம்பூருக்குப் போய்விட்டார்.

உண்மையைச் சொல்லியிருந்தால் வேலை போயிருக்கும் என்று வெகுகாலம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். ஃபிட்டர் கிடைப்பது கஷ்டமான காலம் அது. மானேஜர் நாலு வார்த்தை திட்டியிருப்பார், அவ்வளவுதான்.