அம்மா பெயரில் என் கழுத்து

தென்காசியில் ரத்தப் பரிசோதனைக் கூடமொன்றில் வேலை பார்க்கிறேன். ஊசி குத்துவதுதான் பிழைப்பு. கல்யாணமாகாத மகளுக்குத் தைராய்டு பார்க்க வருகிற அம்மாக்கள், சீட்டில் தங்கள் பெயரையே எழுதச் சொல்வார்கள். இதென்ன கூத்து என்று சிரித்திருக்கிறேன். போன வருஷம் அது எனக்கே வந்தது. முடி கொத்துக்கொத்தாய்க் கொட்டியது. நாலு படி ஏறினால் உடம்பு ஓய்ந்துபோனது. சித்திரை வெயிலிலும் குளிர்ந்தது.

"ஏட்டி, உன் பேரைப் போட்டுராத. என் பேரை எழுது. கடையத்து மாப்பிள்ளை வீட்டுக்காரங்க காதுல விழுந்தா இந்தச் சம்பந்தமும் போச்சு" என்றாள் அம்மா. அம்மாவின் பெயரையும் அறுபது வயதையும் என் கையாலேயே எழுதினேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

கழுத்திலிருக்கும் சுரப்பி சோம்பினால், மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சும்மா இருக்காது. வேலை செய், வேலை செய் என்று கத்தும். அந்தச் சத்தத்துக்குப் பெயர்தான் டிஎஸ்எச். எனக்கு அது எகிறியிருந்தது. ஆனால் டாக்டர் முன்னால் உட்கார்ந்தது அம்மா. அவர் அம்மாவைத் தண்ணீர் விழுங்கச் சொல்லி, கழுத்தைத் தடவிப் பார்த்தார்.

"வீக்கம் ஒண்ணுமில்ல. உங்களுக்கு ஏற்கெனவே நெஞ்சுவலி இருக்கு, ரொம்பக் குறைச்ச அளவுலதான் ஆரம்பிக்கணும்" என்றார்.

பக்கத்தில் நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அம்மாவின் இதயத்துக்கு அளந்த மாத்திரையை மூன்று மாதம் நான் விழுங்கினேன். யானைப் பசிக்குச் சோளப்பொரி. முடி கொட்டுவது நிற்கவேயில்லை.

சாரல் தொடங்கியதும் மாப்பிள்ளை வீட்டார் குற்றாலத்தில் லாட்ஜ் எடுத்தார்கள். அருவியில் குளிக்க வந்த சாக்கில் பெண்ணையும் பார்த்துவிடலாம் என்று எங்களைக் காலையிலேயே வரச் சொன்னார்கள். "இன்னைக்கு ஒரு நாளு மாத்திரைய விட்டுரு" என்றாள் அம்மா. எனக்குக் கோபம் வந்துவிட்டது. கைப்பையில் வைத்துக்கொண்டு போய், அவர்கள் கண் முன்னாலேயே போட்டுக்கொண்டேன். மாப்பிள்ளையின் அம்மா காப்பியை நீட்டினார்.

"அரை மணி நேரம் கழிச்சுக் குடிக்கேன் அத்தை. இது தைராய்டு மாத்திரை."

தலை துவட்டிக்கொண்டிருந்த மாப்பிள்ளை, துண்டும் கையுமாகத் தன் அம்மாவைப் பார்த்தார்.

"எங்க வம்சத்துல யாருக்கும் இப்படிக் கெடையாது" என்றார் அந்த அம்மா.

எந்த வம்சத்துக்கும் கிடையாதுதான். எங்கள் கூடத்து ரெஜிஸ்டரைக் கேட்டால் தெரியும்.

சம்பந்தம் நின்றுபோனது. பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. மாப்பிள்ளை பார்க்க நன்றாகத்தான் இருந்தார்.

மறுநாள் கூடத்தில், என்னோடு வேலை பார்ப்பவளிடம் கையை நீட்டினேன். "அம்மா பேருதான?" என்று பழக்கத்தில் பேனாவை எடுத்தாள்.

"இல்ல, என் பேரு. வயசு இருபத்தொம்பது. கல்யாணம் ஆகலைன்னும் எழுதிக்கோ."

பெஞ்சில் மகள்களோடு உட்கார்ந்திருந்த அம்மாக்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். கேட்கட்டும் என்று இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன்.