அக்கா தூற்றிய மண்

போனை இப்போது மூன்றாக மடிக்கலாமாம். போன வாரம் செய்தியில் படித்தேன். எதற்கு மடிக்க வேண்டும், அது என்ன லுங்கியா? அதே பக்கத்தில் இன்னொரு செய்தி: முட்டை தீர்ந்துவிட்டால் ஃபிரிட்ஜே நமக்குச் சொல்லிவிடுமாம். முட்டை தீர்ந்தது தெரியாதவர்கள் அடுப்படிப் பக்கம் ஏன் போகிறார்கள்? அதற்குக் கீழே, பத்து நிமிடத்தில் மளிகை கொண்டுவந்து கொடுப்பதெல்லாம் பழைய கதை, இனி ஐந்தே நிமிடம் என்று ஒருத்தன் பீற்றிக்கொண்டிருந்தான். வரட்டும். பழவேற்காட்டில் பொன்னேரி பஸ்ஸுக்கே நாங்கள் ஒரு மணி நேரம் நிற்கிறோம்.

இந்தக் கண்றாவியை எல்லாம் நான் படிக்கக் காரணம் என் பிழைப்பு. கடைத்தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பெயர்தான் ஜெராக்ஸ், பாதிக்குமேல் ஆன்லைன் வேலை. ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க, மீனவர் அட்டை புதுப்பிக்க, ஏரிக்கு அந்தப் பக்கத்துத் தீவு ஊர்களிலிருந்து பெண்கள் படகில் வந்து காத்திருப்பார்கள். ஐஸில் கை ஊற ஊற இறால் உரிக்கிறவர்கள். அவர்களுடைய கட்டைவிரலைக் கைரேகை மெஷின் ஒத்துக்கொள்ளாது. துடைத்து வை, ஊதி வை, அடுத்த விரலை வை என்று நானும் ஒவ்வொன்றாகச் சொல்வேன். 'ரேகை பொருந்தவில்லை' என்று சிவப்பில் வரும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எதிரே உட்கார்ந்திருக்கிறாள், வியர்த்து வழிகிறாள், குடிக்கத் தண்ணீர் கேட்கிறாள், ஆனால் அவள் அவள் இல்லையாம்.

என் அக்காவின் விரலையும் அந்த மெஷின் ஒரு தடவைகூட ஒத்துக்கொண்டதில்லை. ஆனால் அவள் முகத்தை இன்று ஊர் உலகத்தில் இருக்கிற அத்தனை போனும் வைத்திருக்கிறது. அது எப்படி நடந்தது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன். அதில் பாதிக் கோபம் என்மேலேயே.

அக்காவைத் தீவு ஊர் ஒன்றில் கொடுத்திருக்கிறது. மாமா கடலுக்குப் போகிறவர். ஏரியிலிருந்து கடலுக்குப் போக முகத்துவாரத்தைத் தாண்ட வேண்டும். அங்கே வருஷா வருஷம் மணல் அடைத்துக்கொள்ளும். ஆழம் குறைந்தால் அலை அந்த இடத்தில் எழும்பி உடையும், எங்கள் ஃபைபர் போட்டு, அந்தச் சின்னப் படகு, தாங்காது. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் மாமாவின் போட்டு அங்கேதான் கவிழ்ந்தது. இடுப்பெலும்பு உடைந்து, இப்போது குச்சி ஊன்றி வாசல்வரை நடக்கிறார். அந்தப் போட்டைச் சரிபண்ணி, இன்றைக்கு அதே வழியில் அக்காவின் மகன் போய்வருகிறான். இருபத்து நாலு வயது, ஒரே பிள்ளை. அவன் திரும்பி வந்து வலையை இறக்கி வைக்கிறவரைக்கும் அக்கா சோறு தின்னமாட்டாள்.

மணலை வாரி முகத்துவாரத்தை ஆழப்படுத்துங்கள் என்று ஊரே மனுக்கொடுத்துக் கொடுத்து ஓய்ந்துபோயிருந்த நேரத்தில், ஒரு அதிகாரி குறை கேட்க ஊருக்கே வந்தார். பந்தல் போட்டு, மேசைக்கு வெள்ளைத் துணி விரித்து, இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். அக்கா எழுந்து பேசினாள். சத்தம் போடவில்லை. எந்த மாசம் எந்தக் காற்றில் மணல் சேர ஆரம்பிக்கும், எந்தப் பக்கம் முதலில் தூரும், யார் யார் போட்டு எங்கே கவிழ்ந்தது, கடல் தண்ணீர் ஏரிக்குள் வராததால் இறால் எப்படிக் குறைந்தது என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். ஆறு நிமிஷம் இருக்கும். நான் பக்கத்தில் நின்று போனில் எடுத்தேன். ஐந்தாவது வகுப்போடு நின்றவள் அப்படிப் பேசுவாள் என்று எனக்கே தெரியாது, பெருமையாக இருந்தது.

அதிகாரி அந்த ஆறு நிமிஷமும் தன் போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் முடித்ததும், "சரிம்மா, பரிசீலிக்கிறோம்" என்று எழுந்தார்.

அப்போதுதான் அக்கா குனிந்தாள். ரெண்டு கையாலும் மண்ணை வாரினாள். "எங்க வாயில மண்ணப் போட்டுட்டு எழுந்து போறியே! இந்தா, நீயும் துன்னு!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தி மேசைமேல் தூற்றினாள்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் ஒரு பொம்பளை மண்ணை வாரித் தூற்றினால் அதற்குமேல் பேச்சு கிடையாது. அடிதடிக்கு நிற்கிற ஆம்பளைகூடப் பின்வாங்கிவிடுவான். வேறு வழியே இல்லை என்று ஆனபிறகு, வயிறு எரிந்து செய்கிற காரியம் அது. என் நாற்பத்து மூன்று வருஷத்தில் இதற்கு முன்னால் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். அதிகாரியின் முகம் வெளுத்துவிட்டது. அவர் மறுபடி உட்கார்ந்து, மனுவைக் கேட்டு வாங்கி, அடுத்த வாரமே ஆழம் அளக்க ஆள் அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அக்கா வீட்டுக்குப் போய்த் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

அதோடு விட்டிருக்கலாம் நான். விட்டேனா? தினமும் இன்டர்நெட்டில் கிடக்கிறவள் இல்லையா, எனக்கு எல்லாம் தெரியும் என்ற திமிர். வைரல் ஆனால் வேலை சீக்கிரம் நடக்கும் என்று நம்பினேன். ஆறு நிமிஷ வீடியோவை எவன் பார்ப்பான்? முதல் மூன்று நொடியில் ஆளைப் பிடித்து நிறுத்த வேண்டும் என்று எவனோ அறிவாளி சொல்லியிருந்தான். அக்கா பேசியதை எல்லாம் வெட்டிப் போட்டுவிட்டு, மண் தூற்றுகிற இடத்தை மட்டும் வைத்து நான்தான் போட்டேன். என் கையாலேயே வெட்டினேன்.

ஒரு மீம் பக்கத்துக்காரன் அதை எடுத்து இன்னும் வெட்டினான். நாலு நொடி. பின்னால் டமுக்கு டமுக்கென்று ஒரு மேளம். அதிலிருந்து ஸ்டிக்கர் வந்தது: அக்காவின் விரிந்த தலைமுடி, தெறிக்கிற மண், கீழே மஞ்சள் எழுத்தில் 'இந்தா, துன்னு!' பரீட்சையில் ஃபெயிலானவன் அதைப் போட்டான். கிரிக்கெட்டில் தோற்ற டீமுக்குப் போட்டார்கள். பிரியாணியில் பீஸ் வரவில்லை என்று ஒருத்தன் போட்டான். என் கடைக்கு டோனர் கொண்டுவருகிறவன், பாக்கியை ஞாபகப்படுத்த எனக்கே அனுப்பினான், அது யார் என்று தெரியாமல். போனிலேயே அவனை வைத வசவு அவன் ஏழு தலைமுறைக்கும் காணும்.

பிறகு ஏஐ வந்தது. உலகத்தையே மாற்றப் போகிற அறிவு என்கிறார்கள், நோயைக் கண்டுபிடிக்கும், வறுமையை ஒழிக்கும் என்கிறார்கள். எங்கள் வீட்டுக்கு அது வந்து செய்த காரியம், அக்காவை நிலாவில் கொண்டுபோய் நிறுத்தி நிலா மண்ணை வாரித் தூற்ற வைத்ததுதான். விண்வெளி உடுப்பெல்லாம் போட்டு. 'இணையத்தைக் கலக்கும் துன்னு அக்கா' என்று அதையும் தொழில்நுட்பச் செய்திப் பக்கத்தில் போட்டார்கள், மடிக்கிற போன் மாதிரிச் செய்திகளுக்குப் பக்கத்தில். அவள் எதற்காகத் தூற்றினாள் என்று ஒரு வரி இல்லை. கேட்கக்கூட ஒரு நாதி இல்லை.

மைக்கைத் தூக்கிக்கொண்டு ஒரு யூடியூப்காரனும் வந்தான். அக்கா வாசலில் மீன் அலசிக்கொண்டிருந்தாள். நான் உள்ளே மாமாவுக்கு எண்ணெய் தேய்க்க உதவிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, ஒரே ஒரு வாட்டி அந்த டயலாக்கச் சொல்லுங்கக்கா. மண்ணு நானே கொண்டாந்துகிறேன்."

"எதுக்குப்பா?"

"சும்மா, ஃபன்னுக்குத்தான்க்கா."

எண்ணெய்க் கையோடு வெளியே ஓடிவந்து அவனைப் படகுத்துறைவரைக்கும் துரத்தினேன். அதையும் அவன் வீடியோ எடுத்துப் போட்டான் என்று பின்னால் கேள்விப்பட்டேன். எடுபட்டவன்.

ஆழம் அளக்க ஆள் வரவில்லை. ஒரு வாரம், ரெண்டு வாரம், ஒரு மாசம். மனுவின் நகலை எடுத்துக்கொண்டு நானே ஆபீசுக்குப் போனேன். அங்கே இருந்தவர் ஊர் பெயரைப் பார்த்ததும் சிரித்தார். "அட, துன்னு அக்கா ஊரா! எங்க குரூப்ல தெனம் அவங்கதான்மா" என்றார். பக்கத்து மேசைக்காரரும் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்த நிமிஷம் எனக்குப் புரிந்துவிட்டது. அன்றைக்குப் பந்தலில் ஒரு மனுஷனை வெளுக்க வைத்த பயத்தை நான் துடைத்து எடுத்துவிட்டேன். சிரிப்பு மூட்டுகிற ஆளுக்கு எவன் பயப்படுவான்?

அக்கா மீன் விற்கப் போவதை நிறுத்தினாள். கூடையை இறக்கினாலே போனை நீட்டுகிறார்களாம். ஒருநாள் மகனின் போனில் எல்லாவற்றையும் காட்டச் சொல்லிப் பார்த்தாள். நிலா, மேளம், ஸ்டிக்கர், எல்லாம். கடைசியில் என்னைக் கூப்பிட்டுக் கேட்டாள்:

"நா அவ்ளோ நேரம் பேசினேனேடி, அது எங்க?"

"அது... வெட்டிட்டேன்க்கா."

"நீயா?"

"நாந்தான்."

"முழுசா உங்கிட்ட இருக்குதா?"

இல்லை. போனில் இடம் இல்லை என்று காட்டியது, அழித்துவிட்டேன். சொன்னேன். அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். "நா வயிறு எரிஞ்சு போட்ட மண்ணுடி அது. அதப்போயி வெளாட்டாக்கிட்டீங்களே" என்று மட்டும் சொன்னாள். 'ஆக்கிட்டீங்களே' என்றதில் நானும் இருந்தேன். அதன்பிறகு மூன்று வாரம் என்னோடு பேச்சில்லை.

மழைக்கு முன்னால் மறுபடி ஒரு கூட்டம் வைத்தார்கள், வேறு அதிகாரி. வாடைக்காற்று எடுப்பதற்குள் மணலை வாராவிட்டால் இந்த வருஷம் கட்டாயம் யாராவது போவார்கள் என்று ஊருக்குத் தெரியும். பெண்கள் எல்லாரும் அக்காவைத்தான் பேசச் சொன்னார்கள். மாட்டேன் என்றாள். "நா எழுந்தாலே சிரிப்பானுங்க." கடைசியில் மகன் சொன்னான்: "நீ பேசலன்னாலும் நா அந்த வழியாத்தாம்மா போவணும்." அதற்குமேல் அவளால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

அவள் எழுந்ததும் பந்தல் முழுக்கப் போன் உயர்ந்தது. எங்கள் ஊர்ப் பையன்களும்தான், வெட்கங்கெட்டதுகள். அக்கா முந்தானை நுனியை ரெண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். விடவே இல்லை. காற்று, மணல், கவிழ்ந்த போட்டு, மாமாவின் இடுப்பு என்று முன்பு சொன்னதை எல்லாம் முதலிலிருந்து சொன்னாள். குனியமாட்டாள் என்று தெரிந்ததும் போன்கள் ஒவ்வொன்றாக இறங்கின. பாதிப் பேச்சிலேயே என் கை மட்டும்தான் மேலே இருந்தது.

அதிகாரி கேட்டார், குறித்தும் வைத்தார், அதைச் சொல்லவேண்டும். முடிவில், "நல்லா பேசுனீங்கம்மா. எங்கே மண்ணை எடுத்துருவீங்களோன்னு நினைச்சேன்" என்றார். பந்தல் சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை, உட்கார்ந்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் அவள் வீட்டிலேயே உட்கார்ந்து முழு வீடியோவையும் போட்டேன். ஏழு நிமிஷம் சொச்சம், ஒரு நொடி வெட்டவில்லை. ரொம்ப நேரம் எவனும் எட்டிப் பார்க்கவில்லை. பிறகு ஒரே ஒரு பதில் வந்தது.

"இன்னாடி போட்டுகிறான்?" என்று அக்கா எட்டிப் பார்த்தாள். நான் மறைக்கவில்லை. அவள் முகம்தான், அவள் மண்தான், மஞ்சள் எழுத்து.

போனை என் பக்கம் தள்ளினாள். "எழுதுடி அவனுக்கு. எம் புள்ள காலைல அந்த வழியாத்தான் போறான்னு எழுது" என்றாள். எழுதினேன். அதற்குப் பதில் வரவில்லை.

காலையில் அவளோடு முகத்துவாரத்துக் கரையில் போய் நின்றேன். மணலை வார இன்னும் யாரும் வரவில்லை, மெஷின் வருகிறது வருகிறது என்கிறார்கள். அவனுடைய போட்டு உடைகிற அலைக்கு நேராகப் போனபோது அக்கா குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்தாள். எடுத்தது அவளுக்கே தெரிந்திருக்காது. போட்டு மூக்கைத் தூக்கியது, விழுந்தது, மறுபடி தூக்கியது. அவள் கை நரம்பு புடைத்துக்கொண்டு நின்றது. அந்தப் பக்கம் தெளிந்த தண்ணீரில் போட்டு தெரிந்தபிறகுதான் விரலைப் பிரித்தாள். மண் காலடியில் விழுந்தது.

என்னைத் திரும்பிப் பார்த்தாள். "படம் புடிச்சியா?"

"இல்லக்கா."

"பொழச்ச. புடிச்சிருந்தா இத ஒம் மூஞ்சிலதான் போட்டிருப்பேன்" என்று சொல்லிவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நடந்தாள்.