பளிங்கில் தடவிய சுண்ணாம்பு

எங்கள் ஜமீன்தாருக்குச் சிலையும் ஒன்றுதான், அம்மிக்கல்லும் ஒன்றுதான். அப்பேர்ப்பட்ட மனிதர் லண்டனில் முடிசூட்டு விழா பார்க்கப் போகிற வழியில் இத்தாலியில் இறங்கி, பிளாரன்ஸ் நகரத்து மியூசியத்தைப் பார்க்கப் புறப்பட்டார். பக்கத்து ஜமீன்தார் பார்த்துவிட்டாராம். வேறு காரணம் கிடையாது.

இங்கிலீஷ் பேசுவதற்கு என்னைக் கூட்டிப்போனார். நான் பாளையங்கோட்டையில் சித்திர வாத்தியார். பள்ளிக்கூடப் புத்தகம் ஒன்றில் அச்சடித்திருந்த ஒரு பெண் சிலையைப் பதினோரு வருஷம் பார்த்துப் பார்த்து வரைந்தவன். படத்தில் முன்பக்கம்தான் தெரியும். அவள் கொண்டை பின்னால் எப்படி முடிந்திருக்கிறது, முதுகு எப்படி வளைகிறது என்று தெரியாமல் நான் தவித்த தவிப்பு கொஞ்சமல்ல. அதைப் பார்க்கத்தான் கடல் தாண்டினேன். அந்தச் சிலை அந்த மியூசியத்தில்தான் இருந்தது.

முதல் அறையிலேயே ஜமீன்தார் முகத்தைச் சுளித்தார்.

"என்ன வே இது, கையில்லாம, மூக்கில்லாம! நம்மூர்னா பின்னப்பட்டதை ஆத்துல போட்டிருப்பாம்லா?"

"மகாராஜா, இன்னும் ரெண்டு அறை தாண்டினா நான் சொன்ன சிலை இருக்கு."

"அதுக்காவது கை இருக்கா?"

தூத்துக்குடியிலிருந்து ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்து கறுத்துப்போயிருந்த வெற்றிலையை அங்கேயே நின்று மடித்தார். விரலில் மிஞ்சிய சுண்ணாம்பைப் பக்கத்தில் நின்ற பளிங்குப் பெண்ணின் தொடையில் தடவினார். காவல்காரக் கிழவன் ஓடிவந்தான். கத்தவில்லை. கைக்குட்டையை நனைத்து, குழந்தைக்கு முகம் துடைப்பதுபோல் துடைத்தான். பிறகு வாசலைக் காட்டினான்.

என்னை மட்டுமாவது விடச் சொல்லிக் கைகூப்பிக் கெஞ்சினேன். அவனுக்கு நானும் அவரும் ஒன்று. இரண்டே அறை! வெளியே வந்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"தொடச்சாப் போவுது. அதுக்கு இம்புட்டு ஆர்ப்பாட்டமா?" என்றார் அந்த மகானுபாவர்.

சீ, இதுவும் ஒரு ஜென்மமா! ஊர் வந்து சேரும்வரை மனசுக்குள் அவரை ஏசித் தீர்த்தேன்.

வந்த வாரமே என் சொந்த ஊரான முக்கூடலில் எங்கள் கோயில் மண்டபத்தில் சிநேகிதர்களை உட்காரவைத்து இந்தக் கதையைச் சொன்னேன். காட்டுமிராண்டி என்றேன், கலைவாசனை அறியாத ஜடம் என்றேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சொல்லிக்கொண்டே வெற்றிலை போட்டேன்.

"வாத்தியாரே, கையப் பாரும் வே" என்றார் ஒருவர்.

என் விரல் தூணில் இருந்தது. அந்தத் தூணில் ஒரு குறத்தி, முதுகைக் காட்டித் திரும்பி நிற்கிறாள். அது நான் வருஷக்கணக்காக உட்காருகிற இடம். அவள் கொண்டை எப்படி முடிந்திருக்கிறது என்று குனிந்து பார்த்தேன். சுண்ணாம்பு அப்பிக் கிடந்ததில் ஒன்றும் தெரியவில்லை.