எச்சில் பிரஷ்

எங்கள் வீட்டுக் குளியலறையில் காலையில் ஏதோ உறுமும். அதை வாங்கி வந்தவளே நான்தான். இருந்தும் முதல் நாள், தண்ணீர்க் குழாய் வெடிக்கப் போகிறது என்று பதறி ஓடினேன். உள்ளே என் மகள் செல்வி கையை ஆட்டாமல் பல் துலக்கிக்கொண்டு நிற்கிறாள், பிரஷ் தானாக ஆடுகிறது. பாண்டிச்சேரிப் பக்கத்துக் கரிக்கலாம்பாக்கத்திலிருந்து கல்யாணமாகி பாரிஸ் பக்கம் வந்து பதினான்கு வருடம் ஆன பிறகும், பல் துலக்க பேட்டரி போடுவார்கள் என்பதை என் மனசு நம்ப மறுத்தது.

வாங்காமல் முடியவில்லை. செல்வியின் பல்லுக்குக் கம்பி கட்டியிருந்தது. ஊருக்குக் கிளம்பும் முன் டாக்டரம்மாவிடம் காட்டினோம். கம்பிக்கு அடியில் அழுக்கு சேர்ந்து ஈறு வீங்கியிருந்தது. "மதாம், லீவு முடிந்து வரும்போதும் இப்படியே இருந்தால் கம்பியைக் கழற்றிவிடுவேன்" என்றார். கழற்றினால் பாதி திரும்பிய பல் பாதியிலேயே நிற்கும். மெஷின் பிரஷ் வாங்கச் சொன்னார். சாதாரண பிரஷ்ஷால் பொறுமையாகத் தேய்த்தாலும் போதுமாம், ஆனால் செல்விக்குப் பொறுமை எங்கே இருக்கிறது?

எனக்கும் எடுப்புப் பல்தான். பள்ளிக்கூடத்தில் என் பேர் தேங்காய்த் துருவி. கல்யாணப் போட்டோவில்கூட உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்பேன். என் வயிற்றில் பிறந்தவளாவது வாயைப் பொத்தாமல் சிரிக்க வேண்டும். அதில் எனக்கு ஒரு வெறியே இருந்தது.

கடைக்காரப் பெண் பெரிய பெட்டி ஒன்றைக் காட்டினாள். சுவரில் செருகும் மெஷின், ஒரே கைப்பிடி, நான்கு நிறத்தில் நான்கு பிரஷ் தலை. குடும்பம் முழுக்க ஒன்றே போதுமாம். நாலு பேர் எச்சில் ஒரே பிடியிலா? "இல்லை, நாங்கள் அப்படியில்லை" என்றேன். தலையை மாற்றிக்கொள்ளலாம் என்று அவள் கழற்றி, மாட்டி, மறுபடியும் கழற்றிக் காட்டினாள். நான் தலையாட்டிக்கொண்டே நகர்ந்தேன். பாவம், குடும்பத்தில் சண்டை போலிருக்கிறது என்று நினைத்திருப்பாள். ஊரில் கரண்ட் எப்போது போகும் என்று யாருக்குத் தெரியும்? பேட்டரி போடும் சின்னதை எடுத்தேன். அதற்கு இரண்டு தலை.

ஊரில் அண்ணன் வீட்டில் எல்லோருக்கும் வேப்பங்குச்சிதான். மென்று துலக்கி, இரண்டாகக் கிழித்து நாக்கு வழித்து, எறிந்துவிடுவார்கள். வாயில் வைத்தது திரும்ப வீட்டுக்குள் வராது. நானும் அப்படி வளர்ந்தவள்தான், ஆனால் மறந்துபோனேன். நாங்கள் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள், டம்ளரில் வைத்திருந்த இரண்டு தலையையும் காணோம்.

"அந்த எச்சக் குச்சிங்களா? நாந்தான் எருக்குழில போட்டேன்" என்றாள் அண்ணி. "நேத்து வாய்ல வெச்சத இன்னிக்கும் வெப்பீங்களாடி? பிரான்ஸ்லேர்ந்து வந்துட்டு இன்னா அசிங்கம் இது?"

"ஐயோ அண்ணி! அது தூக்கிப் போடுறது இல்ல! புள்ள பல்லு போச்சே! உங்களுக்கு இன்னா தெரியும்?" என்று கத்திவிட்டேன். எருக்குழியில் அதற்குள் அன்றைய சாணமும் விழுந்திருந்தது.

இன்னும் ஐந்து வாரம் இருந்தது. பாண்டிச்சேரிக்குப் போய் அந்தத் தலையைத் தேடிக் கடை கடையாக ஏறினேன். "கரண்ட் பிரஷ்ஷா? ஷேவ் பண்றதாம்மா?" என்று கேட்டார் ஒரு கடைக்காரர். அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் யாரிடமும் சொல்லாமல் அண்ணி வில்லியனூருக்கு பஸ் ஏறி, குழந்தைகளுக்கான சின்ன பிரஷ் ஒன்று வாங்கி வந்தாள். செல்வியைத் துவைக்கிற கல்லில் உட்காரவைத்தாள். "ஆ காட்டுடி." தன் பிள்ளை கடித்த மாம்பழத்தைக்கூடத் தொடாதவள், செல்வியின் உதட்டை விரலால் தூக்கிப் பிடித்து, கம்பி கம்பியாகத் தேய்த்தாள். எச்சில் முழங்கைவரை வழிந்தது.

"உடுங்க அண்ணி, நான் பாக்கறேன்" என்றேன்.

"நீ பாத்துதான் ஈறு வீங்கிக் கெடக்குது. தொட்டா ஒண்ணும் ஆவாது, கழுவிட்டா போச்சு" என்றாள், திரும்பிக்கூடப் பார்க்காமல். முடிந்ததும் தோள்வரை கை கழுவினாள். மூன்று வேளையும் இதே கதைதான், கிளம்புகிற நாள்வரை. கத்தியதற்கு அவளிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டேனா? இல்லை.

திரும்பி வந்ததும் செல்வியை டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். கண்ணாடியை உள்ளே விட்டு வெகுநேரம் பார்த்தார். ஈறு நன்றாக இருக்கிறது, கம்பி இருக்கட்டும் என்றார். உயிர் வந்தது. "அந்த மெஷின் நல்ல வேலை செய்திருக்கிறது, மதாம்."

"உய்" என்றேன். ஆமாம் என்றேன்! அண்ணி கை செய்த வேலையைக் கூசாமல் மெஷினுக்குக் கொடுத்துவிட்டேன். ஊரில் எருக்குழி, விரல் என்று சொன்னால் அந்த அம்மா முகம் எப்படிப் போகுமோ என்ற பயம்தான், வேறென்ன. லிஃப்ட்டில் செல்வி கேட்டாள், "ஏம்மா அத்தைய சொல்லல?"

இப்போது காலையில் புதுத் தலை மாட்டிய மெஷின் உறுமுகிறது. மாலையில் சாப்பிட்ட பிறகு செல்வி, பெட்டிக்குள் ஒளித்துக் கொண்டுவந்த அந்த வில்லியனூர் பிரஷ்ஷை என் கையில் கொடுத்துவிட்டு, தொட்டி விளிம்பில் உட்கார்ந்து வாயைத் திறக்கிறாள். எச்சில் என்ற பேச்சே இல்லாத இந்த ஊரில் இத்தனை வருடம் இருந்தும், பெற்றவளாக இருந்தும், என் விரல் அவள் உதட்டருகே போய் நின்றுவிடுகிறது.

"தொடும்மா, ஒண்ணும் ஆவாது" என்கிறாள். அப்படியே அண்ணியின் குரல்.